ஆன்லைன்லயே ஊசி போடுவாங்களோ?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸில் ஆணி அதிகம், வீட்டில் பரீட்சை. "அடுத்த வாரம் தொடரும்"னு போட்டுட்டு நாலு மாசம் காணாமப் போனதுக்குப் பின்னூட்டத்தில் திட்டினவங்க எல்லாம் மன்னிச்சுக்குங்க. அந்தத் தொடர் இப்போதைக்குத் தொடராது. இன்னிக்கு வேற ஒரு கடுப்பு. இறக்கி வைக்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

போன சனிக்கிழமை ஃப்ரிஸ்கோவில் நண்பர் ஒருத்தர் வீட்டில் பாட்லக். (டாலஸுக்கு வடக்கே இருக்கிற ஊர். நம்மூர் ஆளுங்களைத் தேட வேண்டியதே இல்லை, இந்தியன் கடைக்குப் போனா முருங்கைக்காய் பொறுக்கற இடத்தில் நாலு பேர் நிப்பாங்க.) பத்துப் பன்னிரண்டு குடும்பம். நான் வழக்கம் போல தயிர் சாதம். அண்ணி மட்டும் மெனக்கெட்டு உளுந்து வடை. முந்தின ராத்திரி ஐ.சி.யூ.வில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிச்சு, காலையில் எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, நாலு மணி நேரம் தூங்கி எழுந்து சுட்ட வடை.

சாப்பிட்டு முடிச்சதும் வழக்கமான பேச்சு. ஹெச்1பி, வீட்டுக் கடன் வட்டி, பசங்க படிப்பு. அந்தப் படிப்புப் பேச்சில் நண்பர் என்னைக் காட்டி, "தம்பி ஜார்ஜியா டெக்ல மாஸ்டர்ஸ் பண்றான். வேலை பார்த்துக்கிட்டே, ஆன்லைன்ல"ன்னார். உடனே ஒரு மரியாதை வந்துச்சு பாருங்க. இருபது வருஷமா இந்த ஊரில் இருக்கும் ஒரு அண்ணன், (சொந்தமா கன்சல்டிங் கம்பெனி, ரெண்டு வீடு, மச்சினி ப்ளேனோவில் குழந்தைகள் டாக்டர், எல்லாத்தையும் முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிட்டார்) எழுந்து வந்து கை குலுக்கினார். "பெரிய விஷயம்ப்பா, வேலையும் பார்த்துக்கிட்டு படிக்கிறது லேசுப்பட்டதா"ன்னு தோளில் தட்டினார்.

நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க அண்ணியும் ஆன்லைன்ல மாஸ்டர்ஸ் பண்றாங்க, நர்சிங்ல"ன்னேன்.

"நர்சிங்கா? ஆன்லைன்லயா? அப்ப ஊசியும் ஆன்லைன்லயே போடுவாங்களோ?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. வடைத் தட்டோட நின்ன அண்ணி, "போடுவோம் அண்ணே, வைஃபை நல்லா இருந்தா வலிக்காது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க. அதுக்கும் ஒரு சிரிப்பு. விஷயம் அதோட முடிஞ்சிருக்கும். திரும்பி வரும்போது காரில், பாப்பா தூங்கினப்புறம், அண்ணி பின் சீட்டிலிருந்து மெதுவா கேட்டாங்க: "தம்பி, நீங்களும் சிரிச்சீங்கள்ல?"

சிரிச்சேன். அதான் பிரச்சினையே. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் முன்கதை. அண்ணிக்கு மார்த்தாண்டம் பக்கம். கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பி.எஸ்சி நர்சிங். அப்புறம் அமெரிக்க நர்ஸ் லைசன்ஸ் பரீட்சை எழுதி, பச்சை அட்டை வாங்கி இங்கே வந்தாங்க. ஊரிலும் இங்கேயுமா மொத்தம் ஒன்பது வருஷம் ஐ.சி.யூ. வாரத்துக்கு மூணு ராத்திரி, சாயங்காலம் ஏழிலிருந்து காலை ஏழு. இதுக்கு நடுவுல ஆறு வயசுப் பாப்பா, என் அண்ணன், வாடகை மிச்சம் பிடிக்கிறேன்னு மாடி ரூமில் ஒட்டிக்கிட்டு இருக்கும் நான். ரெண்டு வருஷம் முன்னாடி எம்.எஸ்.என். சேர்ந்தாங்க, அதாவது நர்சிங்கில் மாஸ்டர்ஸ். அதில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் பிரிவு. முடிச்சு, சான்றிதழ் பரீட்சையும் எழுதிட்டா நோயாளியைப் பரிசோதிச்சு, என்ன நோய்னு கண்டுபிடிச்சு, மருந்து எழுதலாம். டெக்சாஸில் அதுக்கு ஒரு டாக்டரோட ஒப்பந்தம் வேணும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதுவும் வேண்டாம்.

ஏன் படிக்கிறாங்கன்னு ஒருத்தரும் கேட்கலை. நானும் கேட்டதில்லை. போன வருஷம் ஒரு நாள் முதுகு வலியில் கட்டிலிலிருந்து எழுந்திரிக்க முடியாம இருந்தப்போ அவங்களே சொன்னாங்க. நூறு கிலோ, நூத்தம்பது கிலோ ஆளுங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லைன்னா படுக்கைப் புண் வரும். "அறுபது வயசு வரைக்கும் இதைச் செய்ய முடியாது தம்பி. நாப்பதுக்குள்ள வேற கதவு ஒண்ணு திறந்து வெச்சுக்கணும்." அவ்வளவுதான் காரணம்.

இப்ப எங்க வீட்டு டைனிங் டேபிளுக்கு வாங்க. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அண்ணி. ரெண்டு பேருக்கும் லேப்டாப், ரெண்டு பேருக்கும் ஆன்லைன். பரீட்சைன்னா கேமராவை அறை முழுக்கச் சுத்திக் காட்டணும், டேபிளுக்கு அடியில் எல்லாம். அண்ணியோட ஃபார்மகாலஜி பரீட்சை நடுவில் பாப்பா வந்து "அம்மா, பால்"னு நின்னதுக்கு, சந்தேகத்துக்குரிய நடவடிக்கைன்னு சாஃப்ட்வேர் கொடி காட்டி, ரெண்டு வாரம் விளக்கம் எழுதினாங்க. ஆறு வயசுக் குழந்தை பீட்டா பிளாக்கர் பத்தி என்ன பிட்டு குடுத்துடப் போகுதோ!

ஆக, இது வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். ஜார்ஜியா டெக் 2014-ல் ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் ஆரம்பிச்சப்போ இதே மாதிரி கிண்டல் வந்தது. பத்து கோர்ஸ், மொத்தமே ஏழாயிரம் டாலர் சொச்சம்தானா, இதெல்லாம் ஒரு டிகிரியான்னு. இன்னிக்கு எவனும் வாயைத் திறக்கறதில்லை. வளாகத்தில் படிச்சவனுக்கும் எனக்கும் ஒரே டிகிரி. கை குலுக்கறாங்க. ஆனா வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி பண்ணினா ஊசி ஜோக்.

அந்த ஜோக்கில் இருக்கும் முதல் தப்பு, அவங்க நர்சிங் கத்துக்கிறாங்கன்னு நினைக்கிறது. ஊசி போடறதெல்லாம் பி.எஸ்சி ரெண்டாம் வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு சாமி. லைசன்ஸ் கையில் இருந்தால்தான் இந்தப் படிப்பிலேயே சேர முடியும். லேப்டாப்பில் நடக்கிறது உடலியங்கியல் கோளாறுகள், மருந்தியல், உடல் பரிசோதனை முறைகள், ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கிறது, இந்த மாதிரி சமாச்சாரம். ஒரு தடவை அந்த மருந்தியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அல்காரிதம் புத்தகம் அதுக்குப் பக்கத்தில் அம்புலிமாமா. பரிசோதனையைச் செஞ்சு காட்ட வளாகத்துக்கே போய் சில நாள் தங்கணும். அதுக்கப்புறம் வருவதுதான் பெரிய மலை. நிஜமான கிளினிக்கில், நிஜமான நோயாளிகளோட, ஒரு டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ பக்கத்தில் நின்னு பார்க்க, நேரில் செய்யும் பயிற்சி. முன்னாடி குறைந்தபட்சம் 500 மணி நேரம்னு இருந்தது. 2022-ல் திருத்தின தேசியத் தர வரைமுறை அதை 750 ஆக்கிடுச்சு. இதில் ஒரு நிமிஷம் கூட ஆன்லைன் கிடையாது.

சரி, எதிர்த் தரப்பையும் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்தில் கும்மிடுவீங்க.

இந்தப் படிப்பில் மொக்கை இல்லைன்னு நான் சொல்லலை. டிஸ்கஷன் போர்டுன்னு ஒண்ணு இருக்கு. புதன் ராத்திரிக்குள்ள ஒரு பதிவு போடணும், ஞாயிறு ராத்திரிக்குள்ள வேற ரெண்டு பேரோட பதிவுக்குப் பதில் போடணும், எல்லாம் ஏ.பி.ஏ. முறையில் மேற்கோளோட. நம்ம "அருமையான பதிவு, பகிர்வுக்கு நன்றி, தொடர்ந்து எழுதுங்கள்" இருக்கு பாருங்க, அதையே நூத்தம்பது வார்த்தைக்கு இழுத்து, கீழே ரெண்டு ஆராய்ச்சிக் கட்டுரை பேரைப் போட்டா அதுக்கு மார்க்கு. "மீ த ஃபர்ஸ்ட்டு" மட்டும்தான் செல்லாது. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அண்ணி அதை அடிக்கும்போது எனக்கே பாவமா இருக்கும். கிரெடிட்டுக்கு 700 டாலர் வாங்கிட்டு இதையா குடுக்கறீங்கன்னு.

இன்னொரு குற்றச்சாட்டு கனமானது. டாக்டர்கள் சொல்றது. மருத்துவம் முடிச்ச ஃபேமிலி டாக்டருக்கு மூணு வருஷ ரெசிடென்சி, ஆயிரக்கணக்கான மணி நேரம். உங்களுக்கு 750 மணி நேரத்தில் மருந்து எழுதற அதிகாரமான்னு. நான் உடனே கால்குலேட்டரை எடுத்தேன். வாரத்துக்கு 36 மணி, லீவு போக வருஷத்துக்கு 1,700 மணி, ஒன்பது வருஷத்துக்கு 15,000 மணி நேரத்துக்கு மேல ஐ.சி.யூ.வில் நின்னவங்க அண்ணி. இதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணணும்னு ஆவேசமா ஆரம்பிச்சேன். அண்ணியே தலையில் தட்டி உட்கார வெச்சாங்க.

"அது வேற, இது வேற தம்பி. நோயாளி மோசமாகறான்னு எனக்கு வாசல்ல நின்னு பார்த்தாலே தெரியும். ஏன் மோசமாகறான், என்ன மருந்து, எவ்வளவுன்னு முடிவு பண்றது வேற வேலை. அதைக் கத்துக்கத்தானே போறேன். அந்த மணி நேரத்தை எனக்குக் குறைச்சுக் குடுக்க வேண்டாம். நல்ல இடமா ஒண்ணு குடுத்தா போதும்."

அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கு. என் கோபமும் இங்கதான் திசை மாறுது.

பக்கத்தில் நின்னு சொல்லிக் குடுக்கிறவருக்கு பிரிசெப்டர்னு பேர். நம்மூர் நினைப்பில் நான் என்ன நெனச்சேன்னா, காலேஜ் ஒரு லிஸ்ட் போடும், உனக்கு இந்த ஆஸ்பத்திரி, உனக்கு அந்த ஆஸ்பத்திரின்னு. பி.எஸ்சி.யில் அண்ணிக்கு அப்படித்தான் நடந்துச்சு. காலேஜ் பஸ்ஸிலேயே கொண்டு போய் வார்டு வாசலில் இறக்கி விட்டாங்க. இங்கே? பல ஆன்லைன் காலேஜ்களில் "பிரிசெப்டரை நீயே தேடிக்கோ". அண்ணியோட காலேஜும் அப்படித்தான். பேர் சொல்லப் போறதில்லை, அவங்க இன்னும் அங்கே படிக்கணும். செமஸ்டருக்கு 180 மணி நேரம் சொச்சம், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி. குழந்தைகள் மருத்துவத்துக்கு ஒருத்தர், பெண்கள் மருத்துவத்துக்கு ஒருத்தர், பெரியவங்களுக்கு ஒருத்தர். ஒவ்வொரு செமஸ்டரும் புதுசா தேடணும். இவ்வளவு தேதிக்குள்ள பேப்பர் வரலைன்னா கோர்ஸ் கிடையாது. ஒரு வருஷம் வரைக்கும் கூட தள்ளிப் போகும்.

அந்த பிரிசெப்டர்களுக்கு காலேஜ் பெரும்பாலும் ஒரு காசு குடுக்கறதில்லை. ஒரு மணி நேரத்தில் நாலு நோயாளி பார்க்க வேண்டிய கிளினிக்கில், ஒரு மாணவியைக் கூட வெச்சுக்கிட்டா மூணுதான் பார்க்க முடியும். அவங்க ஏன் சரின்னு சொல்லப் போறாங்க? தப்பு அவங்க மேலயும் இல்லை.

அண்ணிக்கு நான் ஒரு எக்செல் போட்டுக் குடுத்தேன் (நம்மால முடிஞ்ச சமூக சேவை). இது வரைக்கும் 63 கிளினிக். கூப்பிட்டாங்க, மெயில் போட்டாங்க, ஃபேக்ஸ் அனுப்பினாங்க. ஆமாங்க, ஃபேக்ஸ். அமெரிக்க மருத்துவம் இன்னும் ஃபேக்ஸில்தான் உயிர் வாழுது. 38 இடத்தில் பதிலே இல்லை. 14 இடத்தில் "எங்க ஊர் யுனிவர்சிட்டி பசங்களைத்தான் எடுப்போம், ஒப்பந்தம் இருக்கு". 9 இடத்தில் "அடுத்த வருஷம் பார்க்கலாம்". ஒரு இடத்தில் டாக்டர் சரின்னுட்டார், அப்புறம் அந்த கிளினிக்கை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிடுச்சு, அவங்க வக்கீல் முடியாதுன்னுட்டார். மிச்சம் இருந்த ஒருத்தர் புரோக்கர்! நிஜமாவே இதுக்குன்னு தரகர்கள் இருக்காங்க. அண்ணிகிட்ட மணிக்கு 14 டாலர் கேட்டாங்க. 180 மணிக்குக் கணக்குப் போட்டுக்குங்க. 2,520. இது காலேஜ் ஃபீஸுக்கு மேலே. அந்த கிளினிக்கல் கோர்ஸுக்கும் கிரெடிட்டுக்கு 700 வீதம் காலேஜ் முழுசா வாங்குது.

இப்ப நான் கேட்கிறேன். அந்தக் கோர்ஸில் இடம் தேடறது மாணவி. சொல்லிக் குடுக்கறது சம்பளமில்லாத யாரோ ஒருத்தர். இடம் குடுக்கறது யாரோ ஒரு கிளினிக். மாசத்துக்கு ஒரு வீடியோ கால், ஒரு படிவம், இதைத் தவிர காலேஜ் என்னத்தைச் செஞ்சுட்டு அந்தக் காசை வாங்குது? எனக்கு ஜார்ஜியா டெக், "தம்பி, சர்வர் நீயே தெருத் தெருவா கேட்டு வாங்கிக்கோ, பேப்பர் திருத்த ஆளையும் நீயே கூட்டிட்டு வா"ன்னு சொன்னா ஒரு வாரம் தாங்குவோமா? ஊரைக் கூட்டி இருக்க மாட்டோம்? நர்சுங்க பொறுத்துப் போறாங்க. பொறுத்துப் போறதுதான் அவங்க வேலைன்னு எல்லாரும் முடிவு பண்ணி வெச்சிருக்கோம்.

எல்லா இடமும் இப்படி இல்லை. இடம் தேடிக் குடுத்து, அதுக்குன்னே ஆள் வெச்சிருக்கும் படிப்புகளும் இருக்கு. அங்கே ஃபீஸ் கூடுதல், இல்லைன்னா சொந்த மாநிலத்து ஆளுங்களுக்கு மட்டும். ஆக இது முடியாத காரியம் இல்லை. செலவுன்னு தள்ளி விட்டிருக்காங்க, அவ்வளவுதான். டாக்டர்கள் சொல்ற அந்தக் கனமான குற்றச்சாட்டுக்கும் இதுதான் வேர். கிடைச்ச இடத்தில், கிடைச்ச ஆள்கிட்ட, தேதி முடியறதுக்குள்ள கையெழுத்து வாங்கினா போதும்னு ஒரு மாணவியைத் தள்ளினா, 750 மணி நேரமும் ஒரே தரத்தில் எப்படி இருக்கும்? "ஆன்லைன்" மேல பழி. கோளாறு ஆன்லைன் முடியற இடத்தில் ஆரம்பிக்குது.

"அப்ப ஒழுங்கா வளாகத்துல போய்ப் படிக்க வேண்டியதுதானே"ன்னு ஒருத்தர் வருவார், தெரியும். அவருக்கு ஒரு பழைய கதை. கென்டக்கி மலைப்பகுதி. 1925-ல் மேரி பிரெக்கின்ரிட்ஜ்னு ஒரு அம்மா அங்கே நர்ஸ்-மருத்துவச்சிகளை வெச்சு ஒரு சேவை ஆரம்பிச்சாங்க. ரோடு கிடையாது, குதிரை மேல ஏறிப் போய் பிரசவம் பார்ப்பாங்க. 1939-ல் அதுக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்தது, இன்னிக்கு அது ஃப்ரான்டியர் நர்சிங் யுனிவர்சிட்டி. அவங்க தொலைநிலையில் மருத்துவச்சிப் படிப்பை ஆரம்பிச்சது 1989-ல். நம்ம கையில் பிரவுசர்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடி. காரணம் ரொம்ப எளிமை. ஆள் பத்தாத ஊரில் வேலை பார்க்கும் நர்சை ரெண்டு வருஷம் நகரத்துக்கு வரச் சொன்னா, அந்த ஊருக்கு அந்த ரெண்டு வருஷமும் நர்ஸ் இல்லை. அப்புறமும் அவங்க திரும்புவாங்கன்னு நிச்சயமில்லை. இருக்கிற இடத்தில் இருந்தே படிக்க விட்டாதான் அந்த ஊருக்கு மிஞ்சும். தொலைநிலைப் படிப்பை சோம்பேறித்தனத்துக்கு யாரும் கண்டுபிடிக்கலை அண்ணே.

அண்ணிக்கும் அதே கணக்குதான். மூணு ராத்திரியை விட்டா சம்பளம் போச்சு, மருத்துவக் காப்பீடு போச்சு. வேலையிலிருந்து வர்ற படிப்பு உதவியும் போச்சு. ஆண்டுக்கு 5,250 டாலர் வரைக்கும் வரி பிடிக்காம கம்பெனி குடுக்கலாம்னு இங்கே சட்டம். எனக்கும் அதே தொகை, அவங்களுக்கும் அதே தொகை. எனக்கு அதில் முழுப் படிப்பே முடிஞ்சுடும். அவங்களுக்கு வருஷத்தில் ரெண்டரை கோர்ஸ்.

கடன் வாங்கலாமேன்னா, அங்கேயும் ஒரு கூத்து. 2025-ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1-லிருந்து மேற்படிப்புக்கான அரசுக் கடனுக்கு உச்சவரம்பு. சாதாரண மேற்படிப்புன்னா வருஷத்துக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். தொழில்முறைப் பட்டம்னா வருஷத்துக்கு 50,000, மொத்தம் ரெண்டு லட்சம். எது தொழில்முறைப் பட்டம்னு 2025 நவம்பரில் கல்வித் துறை கமிட்டி தயாரிச்ச வரைவில் மருத்துவம் இருந்தது, பல் மருத்துவம் இருந்தது, சட்டம் இருந்தது, இறையியல் கூட இருந்தது. நர்சிங் இல்லை! நர்சிங் அமைப்புகள் எல்லாம் கொதிச்சு எழுந்தாங்க. (இஞ்சினியரிங்கும்தான் அந்தப் பட்டியலில் இல்லை. நாம யாரும் கவலைப்படலை. நம்மளைத்தான் யாரும் "நீயெல்லாம் ப்ரொஃபஷனலா"ன்னு கேட்கிறதில்லையே.) அண்ணிக்குத் தனிப்பட்ட முறையில் பெருசா நஷ்டமில்லை, அந்த வரம்பே அவங்களுக்குப் போதும். ஆனா அந்தச் செய்தியைப் படிச்சுட்டு, "சாமியார் படிப்பு ப்ரொஃபஷனல், நம்ம படிப்பு இல்லையாம்"னு சிரிச்ச சிரிப்பு, பாட்லக்கில் சிரிச்ச அதே சிரிப்பு.

நம்மூரில் என்ன நிலைமைன்னும் தெரிஞ்சுக்கலாம். அண்ணியோட பேட்ச்மேட் ஒருத்தங்க நாகர்கோவிலில் தனியார் ஆஸ்பத்திரியில் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுவாங்க. அவங்களுக்கும் எம்.எஸ்சி ஆசை. யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைப்படி நர்சிங்கைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. எம்.எஸ்சி நர்சிங்னா ரெண்டு வருஷ முழுநேரம். சேர்றதுக்கே ஒரு வருஷ வேலை அனுபவம் வேணும். அதாவது முதல்ல வேலைக்குப் போ, அப்புறம் அந்த வேலையை விடு. வீட்டில் அவங்க சம்பளத்தில்தான் பையன் ஸ்கூல் ஃபீஸ். எப்படி விடுவாங்க?

தடை நல்லதுக்குத்தானே, தரம் முக்கியமில்லையான்னா, ஆமா, முக்கியம். ஆனா தடையால் எல்லாரும் வகுப்பில் போய் உட்கார்ந்துட்டாங்களா? "நான்-அட்டெண்டிங்"னு ஒரு வார்த்தையை நர்சிங் வட்டாரத்தில் கேட்டுப் பாருங்க. பேர் ஒரு காலேஜில், ஆள் வேற ஊரில் வேலையில், வருகைப் பதிவேட்டில் முழு ஆஜர். இதுக்கு ஒழுங்கா கேமரா வெச்சு பரீட்சை நடத்தி, ஆஸ்பத்திரியில் நேரில் மணி நேரத்தை எண்ணிக் கையெழுத்து வாங்கற படிப்பு எவ்வளவோ தேவலை. அது நம்மூருக்குப் புதுசும் இல்லை. டிப்ளமா முடிச்ச நர்சுகளுக்குத் தொலைநிலையில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை இக்னோ நடத்தியிருக்கு, ஆஸ்பத்திரிப் பயிற்சியோட. நர்சிங் கவுன்சிலே ஐ.சி.யூ. நர்சுகளுக்குன்னு ரெசிடென்சி முறையில் ரெண்டு வருஷ எம்.எஸ்சி கொண்டு வந்திருக்கு. அதில் பெரும்பகுதி நேரம் ஐ.சி.யூ.விலேயேதான். அந்த ரெண்டையும் ஒட்டுப் போட்டு யோசிக்க இன்னும் எத்தனை கமிட்டி வேணும்?

கடைசியா நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு. சிரிச்சவங்கள்ல முக்கால்வாசிப் பேர் என்னை மாதிரி தமிழ்நாட்டில் இஞ்சினியரிங் முடிச்ச கோஷ்டி. கொஞ்சம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ஞாபகப்படுத்திப் பாருங்க மக்கா. ப்ராஜெக்ட் சென்டரில் காசு குடுத்து, சி.டி.யும் பைண்டிங்கும் சேர்த்து வாங்கிட்டு வந்து, வைவாவுக்கு முந்தின ராத்திரி தலைப்பை மனப்பாடம் பண்ணினோமா இல்லையா? நான் பண்ணினேன். என் டீமில் நாலு பேர், நாலு பேருக்கும் அந்த சர்க்யூட் என்ன செய்யும்னு இன்னி வரைக்கும் தெரியாது. வளாகத்தில், முழுநேரமா, நேரில் படிச்ச படிப்பு அது. அந்த டிகிரியை வெச்சுத்தான் இங்கே உட்கார்ந்து வடை தின்னோம். வடை சுட்டவங்க 750 மணி நேரத்துக்கு இடம் கேட்டு ஃபேக்ஸ் அனுப்பிக்கிட்டு இருக்காங்க.

இன்னிக்கு நிலவரம் இது. பெரியவங்களுக்கான பயிற்சியை அண்ணி போன செமஸ்டர் முடிச்சாச்சு, கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் தயவில். அடுத்தது குழந்தைகள். அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள்ள பிரிசெப்டர் கையெழுத்தோட பேப்பர் போகணும். காலேஜும் கிளினிக்கும் ஒப்பந்தம் போடவே மூணு வாரம் ஆகும், அதனால நிஜக் கெடு இன்னும் பத்து நாள்தான். கிடைக்கலைன்னா அந்தக் கோர்ஸ் மறுபடி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் ராத்திரி ஷிஃப்ட், அதே முதுகு.

டாலஸ், ஃபோர்ட் வொர்த், டென்டன் பக்கம் குழந்தைகள் கிளினிக்கில் யாரையாவது தெரிஞ்சவங்க இருந்தா தனிமடல் போடுங்க. பகல் நேரம், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி, எந்தக் கிழமைன்னாலும் சரி. எவ்வளவு தூரம்னாலும் அண்ணி ஓட்டிட்டு வருவாங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு அவங்க ஓட்டறது எனக்குப் பயமா இருக்கிறதால, அந்த நாளில் நான் ஓட்டறதா ஏற்பாடு.

அப்புறம், ஊசி ஜோக் அடிச்ச அண்ணனுக்கு: நீங்க இந்தப் பக்கமெல்லாம் வந்து படிப்பீங்கன்னு நண்பர் சொன்னார். மச்சினி ப்ளேனோவில் குழந்தைகள் டாக்டர்னு அன்னிக்கு நீங்களே சொன்னீங்க. நம்பர் குடுங்க அண்ணே. வடை நான் கொண்டு வர்றேன்.